சட்டத்துக்கு முன் ஆய்வு: சார்லஸ் மெக்கார்த்தியின் வாழ்வு

சட்டமன்றத்தில் கையை உயர்த்தி ஒரு மசோதாவை நிறைவேற்றுகிறவர்களை நாம் செய்திகளில் பார்க்கிறோம். அந்த மசோதாவை எழுதியது யார், அதற்குத் தேவையான தகவல்களைத் திரட்டிக் கொடுத்தது யார் என்று நாம் கேட்பதில்லை. ஆனால் சட்டத்தின் தலையெழுத்து பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிவிடுகிறது. உறுப்பினரின் மேசைக்கு வரும் தகவல் ஒரு தரப்பின் தகவலாக மட்டும் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய முடிவு அந்தத் தரப்புக்கே சாதகமாகப் போய்ச் சேரும்.

இந்த உண்மையைப் புரிந்துகொண்டு, சட்டமன்ற ஆய்வுகளுக்கெல்லாம் நடுநிலையான ஒரே இடம் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கார்த்தி. 1950களில் கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திப் பெயர் கெட்டுப்போன செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியும் அதே மாநிலத்துக்காரர்தான். ஆனால் அவர் வேறு, இவர் வேறு. நாம் பேசப்போகிறவர் 1921-லேயே மறைந்துவிட்டார்.

உழைத்துப் படித்த பிள்ளை

சார்லஸ் மெக்கார்த்தி 1873 ஜூன் மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் பகுதியில் பிறந்தார். காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஊர் அது. பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்பு தேடி வந்து குடியேறியவர்கள். வசதி இல்லாத வீடு. கல்லூரிக்கு அனுப்பிவைக்கப் பணம் இல்லை. அவர் வேலை செய்துகொண்டே படித்தார்.

பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பெயர் பெற்றார். அதே காலத்தில் அங்கே படித்தவர்களில் ஒருவர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். உலகின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவரான எண்ணெய் அதிபரின் ஒரே மகன். தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையும் நண்பர்களானார்கள். இந்த நட்பைப் பின்னால் நாம் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கும்.

படிப்பு முடிந்ததும் 1897-லும் 1898-லும் தெற்கே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். 1897 அக்டோபர் இறுதியில் வர்ஜீனியா அணியுடன் நடந்த ஆட்டத்தில் அவருடைய அணியைச் சேர்ந்த கேமன் என்ற இளைஞர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். மாநிலமே கொதித்தது. சில வாரங்களுக்குள் ஜார்ஜியாவின் சட்டமன்றம் அந்த விளையாட்டையே தடைசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. இறந்துபோன இளைஞரின் தாயே, மகன் நேசித்த ஆட்டத்துக்கு அவனுடைய மரணத்தைக் காரணம் காட்டித் தடை போட வேண்டாம் என்று எழுதினார். ஆளுநர் கையெழுத்திட மறுத்துவிட்டார். மசோதா அத்தோடு முடிந்தது.

அந்தத் துயரத்தின் நடுவில் நின்ற பயிற்சியாளர்தான், சில ஆண்டுகள் கழித்துச் சட்டங்களை நிதானமாக ஆராய்ந்து எழுதுவதற்கு ஓர் அமைப்பை உருவாக்கினார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் பொதுமக்களின் ஆத்திரத்தில் ஒரு சட்டம் எவ்வளவு வேகமாகப் பிறந்துவிடும் என்பதை அவர் மிக அருகிலிருந்து பார்த்தவர்.

யாரும் கேட்காத வேலை

பின்னர் அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னரிடம் பயின்று 1901-ல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேட்டுக்கு அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் பரிசும் கிடைத்தது. கல்லூரி ஆசிரியராகப் போயிருக்கலாம். அவருக்குக் கிடைத்ததோ மேடிசன் நகரில் இருக்கும் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் ஆவணங்களை அடுக்கிப் பட்டியலிடும் வேலை.

அந்த வேலை உருவான பின்னணி இது. அதுவரை மாநில வரலாற்றுச் சங்கத்தின் பெரிய நூலகம் சட்டமன்றக் கட்டடத்திலேயே இருந்தது. 1900-ல் அது பல்கலைக்கழகப் பக்கம் புதிய கட்டடத்துக்கு மாறியது. உறுப்பினர்களுக்குப் பக்கத்தில் புத்தகமே இல்லாமல் போயிற்று. மாநில நூலக ஆணையத்தின் செயலாளராக இருந்த ஃபிராங்க் ஹட்சின்ஸ் என்பவர், உறுப்பினர்களுக்கென்று ஒரு சிறிய தகவல் அறையை அமைக்க 1901-ல் சட்டம் வாங்கினார். அந்த அறையைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் மெக்கார்த்தி.

அன்றைய உறுப்பினர்களின் நிலையை நாம் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். செனட்டில் 33 பேர், அசெம்பிளியில் 100 பேர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடிச் சில மாதங்கள் இருந்துவிட்டுக் கலைந்துபோவார்கள். ஒரு கூட்டத்தொடருக்கு அவர்களின் சம்பளம் 500 டாலர். விவசாயிகள், கடைக்காரர்கள், சிற்றூர் வக்கீல்கள் எனப் பலவகைப்பட்டவர்கள். உதவிக்கு ஆளில்லை, அலுவலகமும் இல்லை. எதிர்ப்பக்கம் இரயில்வே நிறுவனங்களும் மர வியாபார முதலாளிகளும் தேர்ந்த வழக்கறிஞர்களை அமர்த்திக்கொண்டு, தயாராக எழுதப்பட்ட மசோதாக்களோடு நடைபாதையில் காத்திருந்தார்கள். தகவல் வேண்டுமென்றால் அந்த வழக்கறிஞர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொரு குறையும் இருந்தது. ஏதாவது ஒரு பிரச்சினை பெரிதானால் இரு அவைகளின் உறுப்பினர்களையும் சேர்த்து ஒரு கூட்டுக் குழு அமைப்பார்கள். அது தனக்கென்று ஆட்களைத் தேடி, முதலிலிருந்து ஆரம்பித்து, ஓர் அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்துவிடும். அடுத்த குழு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு குழு கற்றதைச் சேர்த்துவைக்க இடமில்லை. ஆய்வுகள் நடந்தன; அவற்றுக்கு நினைவு இல்லை.

அறை நூலகமானது

மெக்கார்த்தி அந்த அறையைச் சட்டமன்றத்தின் நினைவாக மாற்றினார். மற்ற மாநிலங்களின் சட்டங்கள், வெளிநாட்டுச் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், சிறு வெளியீடுகள், பத்திரிகைச் செய்தித் துண்டுகள் என எல்லாவற்றையும் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினார். முன்பு தோற்றுப்போன மசோதாக்களுக்கும் அட்டவணை போட்டார். ஒரு யோசனை ஏன் தோற்றது என்று தெரிந்தால்தானே அடுத்தவர் அதே குழியில் விழாமல் இருப்பார்?

ஓர் உறுப்பினர் வந்து கேட்டால் தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. அவருக்கு வேண்டியதைச் சுருக்கி, அவருக்குப் புரிகிற மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். கைவசம் இல்லாத தகவலுக்கு நாடெங்கும் கடிதமும் தந்தியும் பறந்தன. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் இரவு நேரத்திலும் அறை திறந்திருந்தது. 1904 பிப்ரவரியில் மேடிசன் தலைமைச் செயலகக் கட்டடம் தீப்பிடித்துப் பெரும்பகுதி அழிந்தது. அதற்குப் பின்னும் இந்தப் பணி நின்றுவிடவில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சட்டமன்றத்துக்கான தகவல் பிரிவை முதலில் தொடங்கியது நியூயார்க் மாநில நூலகம். அது 1890-ல் நடந்தது. மெக்கார்த்தி சேர்த்தது வேறு: தகவல் திரட்டுவதையும் மசோதாவைச் சட்ட மொழியில் எழுதிக் கொடுப்பதையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். நீதிமன்றத்தில் நிற்காத அரைகுறை வாசகங்களால் நல்ல சட்டங்கள் சாகக் கூடாது என்பது அவருடைய கவலை.

இரண்டு மாநிலங்கள், இரண்டு முடிவுகள்

இந்த உழைப்பின் பலனைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் ஆலையில் ஒருவருக்குக் கை போனால் அவர் முதலாளி மீது வழக்குப் போட வேண்டும். முதலாளிக்கு மூன்று பதில்கள் தயாராக இருந்தன. காயம்பட்டவரே கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லலாம். தவறு உடன் வேலை செய்தவருடையது என்று சொல்லலாம். ஆபத்து தெரிந்துதானே வேலைக்குச் சேர்ந்தார் என்றும் சொல்லலாம். ஏதாவது ஒன்று எடுபட்டால் போதும், அந்தக் குடும்பம் வெறுங்கையோடு வீடு திரும்பும்.

நியூயார்க் மாநிலம் 1910-ல் ஒரு கட்டாய இழப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911 மார்ச்சில் அந்த மாநிலத்தின் உச்சநிலை நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது.

விஸ்கான்சினோ 1909-ல் இரு அவை உறுப்பினர்களும் அடங்கிய சிறப்புக் குழு ஒன்றை அமைத்தது. செனட்டர் சான்பார்ன் அதன் தலைவர். குழு இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. முதலாளிகளையும் தொழிலாளர்களையும் அழைத்துக் கேட்டது. வரைவை வெளியிட்டுக் கருத்து வாங்கியது. ஜெர்மனியில் 1884 முதலும் இங்கிலாந்தில் 1897 முதலும் நடப்பில் இருந்த முறைகளைப் பற்றிய தகவல்கள் ஆய்வுக்கு வந்தன. மெக்கார்த்தியின் நூலகமும், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் காமன்ஸ் போன்றவர்களும் துணை நின்றார்கள்.

முடிவில் எழுதப்பட்ட சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. திட்டத்தில் சேருவதும் சேராததும் அவர் விருப்பம். சேராவிட்டால் மட்டும், அவருக்குப் பழக்கமான அந்தத் தற்காப்பு வாதங்களில் சிலவற்றை நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. 1911 மே மாதம் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இரண்டு மாநிலங்களிலும் நோக்கம் ஒன்றுதான். ஆய்வில் ஊறி வந்த சட்டம் நிலைத்தது. காயம்பட்ட தொழிலாளியின் வீட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

அதே 1911 கூட்டத்தொடரில் வருமான வரிச் சட்டமும், தொழில் ஆணையச் சட்டமும், வேலைக்குப் போகும் சிறுவர்களுக்கான தொடர்கல்விப் பள்ளிச் சட்டமும் வந்தன. பள்ளிச் சட்டத்துக்கு முன்னோடியாக அமைந்த ஆணையத்தில் மெக்கார்த்தியே ஓர் உறுப்பினர். தகவல் இருக்கும் ஊருக்கு ஆளை அனுப்பாமல் தாமே ஐரோப்பா போய்ப் பார்த்துவந்தார்.

ஓரிடத்தில் குவிந்தால் ஆபத்தில்லையா?

இங்கே சிந்திக்கிற எவருக்கும் ஒரு கேள்வி எழும். ஆய்வு முழுவதையும் ஓர் அலுவலகத்தின் கையில் கொடுத்தால், அந்த அலுவலகம்தானே சட்டமன்றத்தை ஆட்டிவைக்கும்? மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் கையில் இவ்வளவு அதிகாரமா?

இந்தக் கேள்வியை மெக்கார்த்தியும் உணர்ந்திருந்தார். அதனால் கடுமையான விதிகளை வகுத்தார். உறுப்பினர் ஒருவர் தமக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒழிய மசோதா எழுதப்பட மாட்டாது. எழுதுகிறவர் தம் சொந்த யோசனையை அதில் புகுத்தக் கூடாது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் ஒரே மாதிரி உதவி செய்ய வேண்டும். எந்த மசோதாவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஊழியர்கள் வாதாடக் கூடாது.

விதி இப்படி இருந்தாலும் சந்தேகம் போய்விடவில்லை. அதற்கு அவருடைய போக்கும் ஒரு காரணம். அவர் உள்ளத்தால் சீர்திருத்தக்காரர். ஆளுநராக இருந்து பின்னர் செனட்டரான ராபர்ட் லா ஃபாலட்டின் காலத்துச் சீர்திருத்தங்களைப் புகழ்ந்து 1912-ல் "விஸ்கான்சின் ஐடியா" என்ற நூலை எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். அதே ஆண்டு ரூஸ்வெல்ட் தொடங்கிய புதிய கட்சியின் கொள்கை அறிக்கைக்கும் உதவினார். அலுவலகம் நடுநிலை, அலுவலரோ ஒரு பக்கம் என்றால் எதிர்த்தரப்பு எப்படி நம்பும்? அந்த நூலகத்தை அவர்கள் மசோதா ஆலை என்று கேலி செய்தார்கள்.

1914 தேர்தலில் இமானுவேல் ஃபிலிப் என்ற செல்வந்தத் தொழிலதிபர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர். அந்த நூலகத்தை மூடுவேன் என்பதும் அவருடைய பிரசாரத்தில் ஒரு வாக்குறுதி. அவரே வென்றார். 1915-ல் பதவிக்கு வந்தபின், அது உண்மையில் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து பார்த்தார். மூடும் எண்ணத்தைக் கைவிட்டார். நூலகம் நிலைத்தது.

இந்த நிகழ்ச்சியில் இருவரிடமும் பாடம் உண்டு. தம் எதிரியாக எண்ணியவரின் வேலையை நேரில் பார்த்து முடிவை மாற்றிக்கொண்டது ஃபிலிப்பின் பெருமை. எதிரி வந்து பார்த்தாலும் குறை காண முடியாதபடி நூலகத்தை நடத்தியிருந்தது மெக்கார்த்தியின் பெருமை. அவருடைய சொந்த அபிப்பிராயங்கள் சந்தேகத்தை வளர்த்தன. எழுத்தில் இருந்த விதிகள் அந்த அமைப்பைக் காப்பாற்றின.

நட்பின் விலை

அதே ஆண்டில் இன்னொரு சோதனை வந்தது. கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்ற இடத்தில் 1914 ஏப்ரலில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரக் குடியிருப்பு தாக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் இறந்தார்கள். ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பங்கு இருந்த நிலக்கரி நிறுவனத்தை எதிர்த்து நடந்த போராட்டம் அது. தொழில் உறவுகள் பற்றி விசாரித்த அமெரிக்க அரசின் ஆணையத்தில் அப்போது ஆய்வு இயக்குநராகச் சேர்ந்திருந்தவர் மெக்கார்த்தி.

கல்லூரி நண்பருக்கு அவர் கடிதங்கள் எழுதினார். தவறைத் திருத்தும்படி நண்பரை வற்புறுத்தலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. ஆனால் ஆணையத்தின் தலைவர் ஃபிராங்க் வால்ஷ் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஆய்வுக்கான பணத்தைக் குறைப்பது பற்றி ஏற்கெனவே இருவருக்கும் மனக்கசப்பு இருந்தது. இந்தக் கடிதங்களும் வெளிவந்ததும் பிளவு முற்றி, 1915 மார்ச்சில் மெக்கார்த்தி வெளியேற நேர்ந்தது.

அவர் விலைபோனவர் அல்லர். ஆனாலும் ஆய்வைக் கையில் வைத்திருப்பவர், விசாரணைக்கு உட்பட்ட தரப்போடு தனியாகப் பேசினால், அவர் பேசியது நல்லதற்கே என்றாலும் நம்பிக்கை உடைந்துவிடும். விஸ்கான்சினில் அவரைக் காத்தது எல்லாம் எழுத்தில், எல்லோருக்கும் ஒரே மாதிரி என்ற ஒழுங்கு. வாஷிங்டன் ஆணையத்தில் அந்த ஒழுங்குக்கு வெளியே போன ஒரு தனிப்பட்ட தொடர்பே அவருக்கு எதிராக நின்றது.

மறைவும் மிச்சமும்

முதல் உலகப் போரின்போது ஹெர்பர்ட் ஹூவரின் உணவு நிர்வாகத்தில் பணியாற்றினார். 1918-ல் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட முயன்று கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றார். ஓய்வில்லாத உழைப்பில் உடல் தளர்ந்தது. 1921 மார்ச் 26 அன்று அரிசோனா மாநிலத்தின் பிரெஸ்காட் நகரில் காலமானார். வயது 47.

அவர் விட்டுச் சென்ற முறை நிலைத்தது. விஸ்கான்சின் உறுப்பினர்களின் முயற்சியால் 1914-லேயே காங்கிரஸ் நூலகத்தில் இதே போன்ற ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. இன்று அமெரிக்கக் காங்கிரசுக்கு ஆய்வுகளை வழங்கும் அமைப்பாக அதுதான் வளர்ந்திருக்கிறது. 1922 முதல் விஸ்கான்சின் நூலகத்தின் தலைவராக இருந்த எட்வின் விட், பின்னாளில் 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கிய குழுவின் செயல் இயக்குநரானார். முதியோர் ஓய்வூதியத்துக்கு அடித்தளம் இட்ட சட்டம் அது.

கூட்டுக் குழுக்கள் கற்றதையெல்லாம் மறந்துபோகும் குறைக்கும் மருந்து வந்தது. கான்சஸ் மாநிலம் 1933-ல், கூட்டத்தொடர் இல்லாத காலத்திலும் ஆய்வுகளை நடத்த நிரந்தர சட்டமன்றக் குழு ஒன்றை நிறுவியது. விஸ்கான்சின் 1947-ல் இரு அவைகளுக்கும் பொதுவான கூட்டு சட்டமன்றக் குழுவை உண்டாக்கியது. எந்தப் பொருளை ஆராய்வது, யாரை அமர்த்துவது, அறிக்கை எங்கே போகிறது என்பதெல்லாம் ஒரே மேற்பார்வையின் கீழ் வந்தன. அந்தக் குழுவின் தலைமையில் இருப்பவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். ஓர் அலுவலரின் கையில் இவ்வளவு அதிகாரமா என்ற பழைய கேள்விக்கு இப்படி ஒரு பதில் கிடைத்தது. ஊழியர்கள் ஆராய்வார்கள், உறுப்பினர்கள் மேற்பார்வையிட்டு முடிவெடுப்பார்கள்.

தகவலை ஓரிடத்தில் சேர்ப்பது அவசியம். சேர்த்து வைப்பவர் மீது கண்காணிப்பும் அவசியம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த நேர்மையை மட்டும் நம்பி ஓர் அமைப்பை விட்டுவிடக் கூடாது. எழுத்தில் விதி வேண்டும், எல்லாத் தரப்புக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். மெக்கார்த்தியின் வெற்றியும் அவர் பட்ட அடியும் சேர்ந்து சொல்வது இதுதான்.

நம் வீடுகளில் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிப் பேசும்போது மருத்துவர், பொறியாளர் என்ற பேச்சோடு நின்றுவிடுகிறோம். கலைப் படிப்புப் படித்து, பழைய தாள்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் சேர்ந்த ஒருவர், தாம் என்றும் பார்த்திராத எத்தனையோ தொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரியக் காரணமானார். அரசின் உள்ளறைகளில் தகவலை நேர்மையாகச் சேர்த்து, நேர்மையாக எடுத்துக் கொடுக்கும் ஆட்களுக்கு எல்லா நாட்டிலும் தேவை இருக்கிறது. அந்தப் பணிக்குப் போக விரும்பும் பிள்ளைகளை நாம் தட்டிக்கொடுத்து அனுப்புவோம்.